சப்பரம் வரும் வழியில் ஒரு மாதா

எங்கள் தெருவில் மாதா படம் வரைகிறவர் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் வீட்டைத்தான் கைகாட்டும். இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தது. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. பிப்ரவரியில் எங்கள் பங்குக் கோயிலில் லூர்து மாதா திருவிழா. அன்று மாலை சப்பரம் தெருத்தெருவாகச் சுற்றி வரும். சப்பரத்தின் பின்பக்கம் கட்டுகிற திரைச்சீலையை வருடா வருடம் நான்தான் வரைந்து கொடுப்பேன். பாறைக் குகை, ஓரமாக ஓடும் ஆறு, காட்டு ரோஜாச் செடி, அதற்கு மேலே மாதா, கீழே முழந்தாள் போட்டிருக்கும் சிறுமி. பவனியில் பின்னால் வருகிற சனம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே நடக்கும்.

திரையில் என் பெயர் இருக்காது. ஆனால், "இந்த வருசம் டீச்சர் ஆத்துத் தண்ணிய நல்லாப் போட்ருக்காக" என்று யாராவது ஒருவர் சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காக சனவரி மாதம் முழுக்க முதுகு வலிக்க உட்கார்ந்து வரைவேன். பெருமை கூடாது என்று பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, கோயில் வாசல் தாண்டுவதற்குள் பெருமைப்படுகிற ரகம் நான்.

பொறாமையும் உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் அதை நான் சொல்லாத மாதம் இல்லை. யார் மேல் என்று பங்குச் சாமியார் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் கணக்கு சுலபமாக முடிந்திருக்கும். எல்லாம் ஒரே ஆள் மேல்தான்.

அவள் என் கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு. நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். கொழுந்தன் ஆட்டு வியாபாரி. அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு கொண்டுவரும் ஒரு வெள்ளாமைச் சம்சாரி வீட்டில், குஜிலியம்பாறைப் பக்கம், அவளைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்தான். கிறிஸ்தவ வேதம் புதிது அவளுக்கு. கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கினாள்.

வந்த மூன்றாம் மாதம் என் கணவர் குழம்பில் கையை நனைத்துவிட்டு, "இது மாடில இருந்து வந்ததா?" என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவள் தொட்டதெல்லாம் எனக்குக் கண்ணில் விழுந்த தூசிதான். அவள் வைத்த கறிவேப்பிலைக் கன்று பிழைக்கும், நான் வைத்தது கருகும். என் மாமியார் கடைசி வருடத்தில் கஞ்சி குடிக்க அவள் கையைத்தான் தேடினார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் அவள் போட்ட கோலத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

விடியற்காலை வாசல் கேட்டுக்கு முன்னால் போடுவாள். புள்ளி வைத்து, இழை இழுத்து, கை ஓரிடத்தில் நிற்காது. ஆறு மணிப் பூசைக்குப் போகிறவர்கள் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். "டீச்சர் வீட்டுக் கோலம்னா சும்மாவா" என்று என்னிடமே சொல்வார்கள். நான் போட்டதாக நினைத்துப் பாராட்டுகிறவர்களிடம், நான் போடவில்லை என்று சொல்லவும் வாய் வராது, வாங்கிக்கொள்ளவும் வயிறு எரியும். பத்து மணிக்குள் பைக்கும் ஆட்டோவும் ஏறி அது போய்விடும். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தது நான்தான். ஞானஸ்நானத்துக்கு முன்னால் சாமியார் என்னிடம் அனுப்பினார். ஒருநாள் லூர்து மாதா காட்சி கொடுத்த கதையைச் சொன்னேன். பதினாலு வயதுப் பிள்ளை, ஏழை வீடு, சுள்ளி பொறுக்கப் போன இடத்தில் குகையில் ஒரு வெளிச்சம். அதுவரை தூங்கி வழிந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சுள்ளி பொறுக்கப் போன பிள்ளையாக்கா?"

"ஆமா."

"மாதா எம்புட்டு வயசுல வந்தாக?"

நானும் படித்ததைச் சொன்னேன். வந்தது பெரிய மனுஷி இல்லை, தன் வயதுப் பெண், தன் உயரம்தான், தன்னைப் பார்த்துச் சிரித்தாள் என்றுதான் அந்தச் சிறுமி சொன்னாளாம். பிற்பாடு ஒரு சிற்பி பெரிய சுரூபம் செய்து குகையில் வைத்தபோது, அழகாக இருக்கிறது, ஆனால் நான் பார்த்தவர் இப்படி இல்லை என்றாளாம். விஷயம் தெரிந்தவள் என்கிற மிதப்போடு இதைச் சொல்லி முடித்தேன். சொல்லிவிட்டு அந்த வருடமும் காலண்டரில் இருந்த அதே சுரூபத்தைத்தான் பார்த்து வரைந்தேன். முகத்தை மேலே தூக்கி, கண்ணை வானத்துக்கு ஏற்றி, கை குவித்த நாற்பது வயது மாதா. சனத்துக்கு அதுதான் மாதா என்று நானே எனக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய திருவிழாவை.

அன்று காலை பூசைக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் நின்று கேட்டாள். "அக்கா, இன்னைக்கு வாசல்ல மாதாவையே போடட்டா? கலர்ப் பொடியெல்லாம் வாங்கி வச்சுருக்கேன்."

"போடு" என்றேன். வாசல் கேட் ஓரமாக முழ அகலத்தில் ஏதோ போடுவாள் என்று நினைத்தேன். சாமி படம் அவள் போட்டதே இல்லை. பொங்கலுக்குப் பானை, கரும்பு, மாட்டுத் தலை. அதைத் தாண்டி அவர்கள் ஊரில் போடுகிற வழக்கம் இல்லை.

கோயிலில் திரைச்சீலையைக் கட்டி முடித்துவிட்டு நான் திரும்பியபோது மணி இரண்டு இருக்கும். தெருமுனையில் இரண்டு பெஞ்சைக் குறுக்கே போட்டு வண்டியை மறித்திருந்தார்கள். எங்கள் வாசலுக்கு நேரே, நட்ட நடுத்தெருவில், இந்தச் சாக்கடைக்கும் அந்தச் சாக்கடைக்கும் நடுவே, இரண்டு பக்கமும் ஓராள் நடக்க மட்டும் இடம் விட்டு, மாதா படுத்திருந்தாள்.

அவள் மாதாவின் முகத்தை முடித்துவிட்டிருந்தாள். உடையும் பாதமும்தான் பாக்கி. பதினாலு பதினைந்து வயதுப் பெண்ணின் முகம். கண் வானத்துக்குப் போகவில்லை, நின்று பார்க்கிறவரை நேராகப் பார்த்தது. உதடு திறக்காமல் ஒரு சிரிப்பு, கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற பிள்ளைபோல. வெள்ளைப் பொடியில் ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்து கன்னத்துக்கு அவள் கொண்டு வந்திருந்த வெளிச்சம் எனக்கு எண்ணெய்ச் சாயத்தில்கூட வந்தது கிடையாது. நான் ஓவியம் சொல்லிக் கொடுக்கிறவள். தப்புக் கண்டுபிடிக்கத்தான் முதலில் பார்த்தேன். இடது கை கொஞ்சம் பெரிதாக இருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அங்கே நின்றபோது எனக்கு உண்டானதை மறைக்க என்ன இருக்கிறது? காலால் எத்திவிடலாம் போல இருந்தது. இருபது வருடம் நான் வரைந்த மாதா எல்லாம் ஒரு மத்தியானத்தில் செத்துப்போனார்கள்.

அதே நிமிஷத்தில் இன்னொன்றும் உறைத்தது. சாயங்காலம் சப்பரம் இந்த வழியாகத்தான் வரும். பதினாறு பேர் தோளில் சுமந்து, தெருவின் நடு மத்தியில்தான் வரும். இந்த முகத்தை மிதிக்காமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. எங்களில் மாதா படம் போட்ட பழைய காலண்டரைக் குப்பையில் போட மாட்டார்கள். படத்தை வெட்டி பீரோ கதவுக்குள் ஒட்டுவார்கள், இல்லையென்றால் எரிப்பார்கள். சப்பரத்திலிருந்து விழுந்த பூவைக்கூடக் காலில் படாமல் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சனம். அவளுக்கு இது தெரியாது. கோலம் என்றால் மிதிபடும் என்றுதான் தெரியும். சொன்னால் அப்போதே அழித்துவிட்டு ஓரமாகப் போட்டுக்கொள்வாள், நேரமும் இருந்தது. சொல்லாவிட்டால் ஊர்ச் சனத்துக்கு முன்னால், சப்பரத்துக்கு முன்னால், அவள் அசிங்கப்படுவாள்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். புருவத்தில் நீலப் பொடி. முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இம்புட்டுப் பெருசா வந்துருச்சுக்கா. சரியா இருக்குமா?"

"நல்லாருக்கு" என்றேன். "முடி."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன்பிறகு மூன்று மணி நேரம். பிலாக்கணம் பாடுவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் அந்த மூன்று மணி நேரமும் நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. போய்ச் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை எழுந்தேன். ஒவ்வொரு தடவையும் வெளியில் யாராவது "அய்யோ, என்னமா இருக்கு!" என்பார்கள், நான் மறுபடி உட்கார்ந்துவிடுவேன். மாதா பாதத்தில் மஞ்சள் ரோஜா வைக்கிறாள் என்று சன்னல் வழியாகத் தெரிந்தது. இரண்டு பாதத்துக்கும் இரண்டு ரோஜா. நான் கதையோடு கதையாகச் சொன்னதை அவள் மறக்கவில்லை. நானே பாதி வருடங்களில் அதை வரையாமல் விட்டிருக்கிறேன்.

என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் வந்து படத்தோடு செல்ஃபி எடுத்தார்கள். ஒருத்தி என்னைச் சன்னலில் பார்த்துவிட்டாள்.

"மிஸ், நீங்க வரைஞ்சதா?"

"இல்ல."

"அதான பாத்தேன். உங்க மாதா சிரிக்காதுல்ல மிஸ்."

அந்தப் பிள்ளைக்கு அரையாண்டில் நான் தாராளமாகப் போட்ட மார்க்கை நினைத்து அப்போது வருத்தப்பட்டேன்.

தெருவில் வேறு யாருக்குமா தோன்றவில்லை என்று கேட்கலாம். தோன்றியிருக்கும். ஆனால் அது டீச்சர் வீட்டு வாசல். டீச்சருக்குத் தெரியாததா, ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார்கள் என்று எல்லாரும் என்னை நம்பிக்கொண்டு ஓரமாக நடந்தார்கள். சப்பரம் தூக்குகிற ஆண்களெல்லாம் கோயிலில் இருந்தார்கள், என் கணவர் உட்பட.

வெயில் சாய்ந்ததும் பேண்டுச் சத்தம் கேட்டது. நான் வாசலுக்கு வந்து நின்றேன். முதலில் சிலுவையும் மெழுகுதிரியும், பிறகு இரண்டு வரிசையாகப் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு. அவர்கள் படத்தைப் பார்த்து இரண்டு பக்கமும் ஒதுங்கி நடந்தார்கள், கைபேசியை எடுத்தார்கள். பின்னால் சப்பரம் திரும்பியது. முன்வரிசையில் தோள் கொடுத்திருந்தது என் கொழுந்தன். பத்தடி இருக்கும்போது அவன் கால் நின்றது. அவன் நின்றதும் பதினாறு பேரும் நின்றார்கள், சப்பரம் ஒரு குலுங்கு குலுங்கியது.

"ஏப்பா, நிறுத்து, நிறுத்து!" முன்னால் வழிவிலக்கி வந்த பங்குப் பேரவைத் தலைவர் கையைத் தூக்கினார். பேண்டு நின்றது. "காலுக்குக் கீழ பாருங்கப்பா. மாதா மூஞ்சி. மாதாவத் தூக்கிக்கிட்டு மாதாவையா மிதிக்கிறது? யாரு போட்டது இத?"

மொத்தத் தெருவும் என்னைப் பார்த்தது.

"நான் இல்ல" என்றேன். மூன்று மணி நேரம் காத்திருந்த நேரம் வந்தபோது என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

"நான்தான்" என்று அவள் கேட்டைத் தாண்டி வந்தாள்.

ஆளுக்கு ஒன்று பேசினார்கள். சுற்றிப் போகலாம் என்றார் ஒருவர். அடுத்த தெருவில் கரண்டுக் கம்பி தாழ்வு, சப்பரம் நுழையாது. சேலையை விரித்து மேலே நடக்கலாம் என்றாள் ஒரு அம்மா. "விரிச்சா மட்டும்? அடியில மூஞ்சிதான கெடக்கு?" என்றார் தலைவர். தோள் வலியில் பின்வரிசை ஆட்கள் முனகினார்கள். சாமியார் என்ன ஏதென்று கேட்டுக்கொண்டு பின்னாலிருந்து கூட்டத்தை விலக்கி வந்துகொண்டிருந்தார். புதுசா வந்ததுகளுக்கு என்ன தெரியும் என்று ஒரு குரல் கேட்டது. நான் எதிர்பார்த்ததுதான். எனக்கு இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை.

அவள் செருப்பைக் கழற்றினாள். சிலுவை அடையாளம் போட்டாள். பதினோரு வருடமாகியும் வலது தோளையும் இடது தோளையும் மாற்றித்தான் தொடுவாள். மாதாவின் தலைமாட்டில் முழந்தாள் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் அந்த முகத்தின் மேல் வைத்துத் துடைத்தாள். முதலில் முகத்தைத்தான். பிள்ளைக்கு முகம் கழுவிவிடுகிற மாதிரி, நெற்றியிலிருந்து கீழே.

எங்கேயோ ஒரு பெண் "அய்யோ" என்றாள். நானாகக்கூட இருக்கலாம்.

காலை ஏழு மணியிலிருந்து குனிந்து போட்டதை அவள் ஐந்து நிமிஷத்தில் கூட்டி அள்ளினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "செத்த நேரம் பொறுங்க, முடிஞ்சது" என்று சுமக்கிறவர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே, நீலத்தையும் வெள்ளையையும் மஞ்சளையும் கையால் குவித்து முறத்தில் தள்ளினாள். விளக்குமாறு கொண்டு வந்தவளிடம், "அது வேணாம், கையே போதும்" என்றாள். எனக்கு அந்தத் தைரியம் ஏழு ஜென்மத்துக்கும் கிடையாது. பிளஸ் டூ படிக்கும்போது வரைந்த பூந்தொட்டியைக்கூடப் பாலிதீன் போட்டு பீரோவில் வைத்திருக்கிறவள் நான்.

சாமியார் வந்து முறத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். அப்புறம் ஒரு அம்மா குனிந்து முறத்திலிருந்து ஒரு சிட்டிகை நீலப் பொடியை எடுத்து நெற்றியில் வைத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். கைக்குட்டையில் முடிந்துகொண்டார்கள், பிள்ளைகளுக்குப் பூசிவிட்டார்கள். "மாதா பொடி" என்று பெயரும் அதற்குள் வந்துவிட்டது. அசிங்கப்படுவாள் என்று நான் விட்டுவைத்த இடத்தில் அவளுக்கு இது கிடைத்தது. பேண்டு வாசிக்க ஆரம்பித்தது. சப்பரம் கடந்து போனது. என் திரைச்சீலை என் கண்முன்னால் ஆடிக்கொண்டு போனது. அதை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

பவனி அடுத்த தெருவுக்குத் திரும்பிய பிறகு அவள் கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. குழாயடியில் நீலமாகத் தண்ணீர் ஓடியது.

"நடுவுலயே எனக்குத் தோணுச்சுக்கா" என்றாள், கையைத் தேய்த்துக்கொண்டே. "ஆள் நடக்குற எடமாச்சே, மாதாவ மிதிப்பாகளேன்னு. அழிச்சுட்டு ஓரமாச் சின்னதாப் போட்ருவோம்னுதான் உங்களக் கேட்டேன். நீங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டீக. பதினோரு வருசத்துல எனக்கு ஒருநாளும் நீங்க அப்படிச் சொன்னதில்ல. அதுக்குமேல அழிக்க மனசு வரல."

குரலில் குத்தல் இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றேன். "சப்பரம் அதுமேலதான் வரும்னு பாத்த ஒடனே தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல."

குழாயை மூடினாள். திட்டுவாள், அழுவாள், புருஷனைக் கூப்பிடுவாள், மாடிக்குப் போய்க் கதவைச் சாத்துவாள் என்று எல்லாவற்றுக்கும் நான் தயாராக நின்றேன். அவள் ஈரக் கையோடு என்னையே பார்த்தாள்.

"அப்ப, நல்லாருக்குன்னு சொன்னதும் பொய்தானாக்கா?"

முதலில் சொன்னது எனக்குச் சுலபமாக வந்தது. மாதா மாதம் சொல்லிப் பழகிய பாவம் அது. இது அப்படி வரவில்லை. அவளைப் பார்க்காமல் ஈரத் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"இல்ல. அது நெசம். எனக்கு அப்படிப் போட வராது."